கரி ஏன் பற்றவில்லை?

பள்ளியின் குடும்ப தினம், சாரணர் முகாம், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஒன்றுகூடல் ஆகிய எதற்குச் சென்றாலும் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். திடலின் ஓரத்தில் இரும்பு அடுப்பு ஒன்று இருக்கும். அதில் கரி குவிந்திருக்கும். அதனைச் சுற்றி நான்கைந்து தந்தைமார் குனிந்து நிற்பர். ஒருவர் அட்டையால் விசிறுவார். ஒருவர் கண் சிவக்க ஊதுவார். மற்றொருவர், "இந்தக் கரியே சரியில்லை" என்று கடைக்காரரை நொந்துகொள்வார். மஞ்சளும் மிளகாயும் தடவிய கோழித் துண்டுகள் பாத்திரத்தில் காத்துக் கிடக்கும். பிள்ளைகள் கையில் தட்டுடன் வரிசை பிடித்து நிற்பர். தீப்பெட்டி காலியாகிவிடும், கரி மட்டும் கறுப்பாகவே இருக்கும்.

இவர்கள் யார்? விறகடுப்பில் மூன்று வேளையும் சமைத்த அன்னையரின் மக்கள்; ரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்தில் இரவெல்லாம் கண்விழித்து நெருப்பைக் காத்தவர்களின் பேரர்கள். அத்தகையோருக்கு ஒரு மூட்டைக் கரி அடங்க மறுப்பது ஏன்? வினா சிறியதுதான். ஆயினும் விடை தெரியாமையால் விளையும் துன்பம் சிறியதன்று. அதனாலேயே ஆண்டு மலரில் இதனை எழுதத் துணிந்தேன்.

கிள்ளானை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் என் பாட்டியார் வாழ்ந்த வீட்டில் இரண்டு அடுப்புகள் இருந்தன. ஒன்று விறகடுப்பு, மற்றது கரி போடும் சிறிய குமுட்டி அடுப்பு. பாட்டியார் தீக்குச்சியால் கரியைப் பற்றவைத்ததை நான் ஒரு நாளும் கண்டதில்லை. சோறு வெந்து இறங்கியதும் விறகடுப்பிலிருந்து நான்கு கங்குகளை இடுக்கியால் எடுத்துக் குமுட்டியில் போடுவார். அவற்றின் மேல் கரித்துண்டுகளை நெருக்கமாக அடுக்குவார். அடியிலுள்ள வாயில் நான்கு முறை விசிறிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது தணல் தயாராக இருக்கும்.

விறகடுப்பே அணைந்துவிட்ட நாளில் சிரட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவது சிறுவர்களாகிய எங்கள் வேலை. "அத்தை, பாட்டி கொஞ்சம் நெருப்பு வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்போம். அத்தை சிரட்டையில் முதலில் சாம்பலைப் பரப்பி, அதன்மேல் இரண்டு கங்குகளை வைத்து, "ஓடாதே, காத்துப் பட்டா கை சுடும்" என்று சொல்லி அனுப்புவார். இப்போது எண்ணிப் பார்த்தால் அந்த ஒரு சொல்லில் பௌதிகப் பாடம் முழுவதும் அடங்கியிருப்பது தெரிகிறது.

நம் பாட்டிமார் கரியை மூட்டியவர்கள் அல்லர். எரிந்துகொண்டிருந்த நெருப்பைக் கரிக்கு மாற்றிக் கொடுத்தவர்கள். லயத்தில் ஏதேனும் ஓர் அடுப்பில் எப்போதும் நெருப்பு இருந்தது. இன்று வீட்டுக்கு வீடு எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. திருகினால் தீ, திருப்பினால் இல்லை. கங்கு என்பதே வீட்டில் கிடையாது. ஆகவே குளிர்ந்த கரியைத் தீக்குச்சியால் மூட்டும் வேலை நமக்குப் புதியது. அது நமக்குக் கைவராததில் வியப்பில்லை.

சரி, விறகு பற்றுவது போலக் கரி ஏன் பற்றுவதில்லை? இதனை அறியக் கரி பிறக்கும் இடத்துக்குச் செல்ல வேண்டும். நம் நாட்டில் கரிக்குப் பெயர் பெற்ற ஊர் பேராக் மாநிலத்துக் கோலா செப்பெத்தாங். முன்னாளில் போர்ட் வெல்ட் என்று வழங்கியது. 1885-இல் இந்நாட்டின் முதல் இரயில் பாதை தைப்பிங்கிலிருந்து இவ்வூருக்கே போடப்பட்டது. இதனைச் சூழ்ந்துள்ள மாத்தாங் சதுப்புநிலக் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புடையது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இதனைத் திட்டமிட்டுக் காத்து வருகின்றனர். 30 ஆண்டுச் சுழற்சியில் பகுதி பகுதியாக வெட்டி, மீண்டும் வளரவிடுகின்றனர். இக்காட்டின் பாக்காவ் மரமே கரியாகிறது.

சூளை என்றதும் பெரிய அடுப்பு என்று எண்ணிவிட வேண்டாம். அது செங்கல்லால் எழுப்பிய, கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்ற கட்டடம். ஒரு முறைக்கு ஏறத்தாழ 40 டன் பச்சை மரத்தைப் பட்டை நீக்கி உள்ளே நிறுத்துகின்றனர். நெருப்பு எரிவது வாயிலில் மட்டுமே. வெப்பம்தான் உள்ளே செல்கிறது. முதல் பத்து நாட்கள் அளவுக்குப் பெருந்தீ. பின்னர் வாயிலைச் சுருக்கி இரண்டு வாரம் போல் சிறுதீ. அதன் பின் காற்றுப் புகாதபடி முழுவதும் அடைத்து ஒரு வாரத்துக்கு மேல் ஆறவிடுகின்றனர். ஏறக்குறைய ஒரு மாத வேலை! உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளிவரும் புகையின் மணத்தைக் கொண்டே அனுபவசாலிகள் கூறிவிடுவர். இறுதியில் கிடைப்பது சுமார் 10 டன் கரி. மற்ற 30 டன்னும் நீராவியாகவும் புகையாகவும் போய்விட்டன.

போன அந்தப் புகையில்தான் நம் வினாவுக்கு விடை இருக்கிறது. விறகு எரியும்போது நாம் காணும் மஞ்சள் சுவாலை, சூடான மரத்திலிருந்து வெளிப்படும் ஆவிகள் எரிவதால் உண்டாவது. அந்த ஆவிகள் எளிதில் பற்றுபவை. ஆகவே ஒரு சுள்ளிக்கு ஒரு தீக்குச்சி போதும். கரியிலோ அந்த ஆவிகளையெல்லாம் சூளையிலேயே விரட்டிவிட்டார்கள். அதனால்தான் கரி புகையாமல், உணவைக் கறுக்க வைக்காமல், ஒரே சீராகச் சூடு தருகிறது. அதே காரணத்தால்தான் தீக்குச்சிக்கும் அசைந்து கொடுப்பதில்லை. கரித்துண்டின் ஒரு மூலையாவது 350 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறி, அச்சூடு சில நிமிடங்கள் நிலைத்திருக்க வேண்டும். சில நொடிகளில் அணையும் குச்சி அதற்கு எம்மாத்திரம்?

இத்துடன் நம் தட்பவெப்பமும் சேர்ந்துகொள்கிறது. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை நேரத்து இடிமழை வழக்கம். மழையில்லாத நாளிலும் காற்றில் ஈரம் மிகுதி. கரியோ உடலெங்கும் நுண்துளை கொண்டது. பஞ்சு போல் ஈரத்தை உறிஞ்சும். கடையின் சிமெண்டுத் தரையில் பல வாரம் கிடந்த மூட்டையைப் போகிற வழியில் வாங்கிச் சென்று மூட்டினால், நாம் முதலில் செய்வது கரியை எரிப்பதன்று, தண்ணீரைக் காய்ச்சுவது. ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்க 100 கலோரி வெப்பம் தேவை. கொதிக்கும் அந்த நீரை ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். மூட்டிய நெருப்பெல்லாம் அந்த நீருக்கே இரையாகிவிடும்!

நனைந்த கரி சீறும். சில வேளை பட்டென்று வெடித்துச் சிதறும். கையில் எடுத்தால் கனக்கும். நல்ல கரியை ஒன்றோடொன்று தட்டினால் உலோகம் போல் 'கிணுக்' என்று ஒலிக்கும். உடைத்தால் உட்புறம் பளபளக்கும். மந்தமான ஓசையும் பழுப்பு நிறமும் இருந்தால் அது சூளையில் சரியாக வேகாத கரி. அது புகையும். கரி வாங்கியதும் ஒரு பகல் வெயிலில் சிமெண்டுத் தரைமேல் சாக்கில் பரப்பி வைத்துவிட்டு, மாலையில் மூடியுள்ள தகர டின்னில் போட்டு வைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. தூளும் பொடியும் காற்று வழியை அடைக்கும். அவற்றைச் சலித்து நீக்கிவிட வேண்டும். பேரங்காடிகளில் விற்கும் அச்சுக் கரி, கரித்தூளையும் மாவுப் பசையையும் சேர்த்து அழுத்திச் செய்வது. அது நெடுநேரம் நின்று எரியும். ஆனால் பற்றுவதற்கு இன்னும் தாமதமாகும்.

அடுத்தது காற்று. இஸ்திரிப் பெட்டியில் சிரட்டைக்கரி போட்டுத் துணி தேய்த்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தணல் மங்கினால் அப்பா வாசலுக்கு வந்து பெட்டியை முன்னும் பின்னும் ஊஞ்சல் போல் வீசுவார். பெட்டியின் பக்கத்துத் துளைகள் வழியே காற்றுப் புகுந்து கரி கனன்றுவிடும். தமிழகத்தில் கார்த்திகை தீபத்தன்று சிறுவர்கள் மாவலி சுற்றுவார்கள். பனம்பூவைச் சுட்டு எடுத்த கரித்தூளைத் துணியில் பொதிந்து, மட்டைக்குள் கட்டி, தணலிட்டுத் தலைக்கு மேல் சுழற்றுவர். சுழற்றச் சுழற்றப் பொறிகள் வட்டமாய்ப் பறக்கும், நிறுத்தினால் மங்கும். "காத்துப் பட்டா கை சுடும்" என்று அத்தை சொன்னதும் இதுவே.

ஆனால் காற்று எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நம்மவர் பலர் ஏமாறுகின்றனர். சூடான காற்று மேலெழும். அதன் இடத்துக்குக் குளிர்ந்த காற்று கீழிருந்து வர வேண்டும். அடியில் துளையில்லாத தட்டில் கரியைப் பரப்பிவிட்டு மேலிருந்து விசிறினால், சற்று முன் சூடேறிய மூலையையும் குளிரச் செய்கிறோம். கங்கின் சிவப்பு கண்ணுக்குத் தெரியும் வரை விசிறி வேண்டாம். தெரிந்த பிறகும் அடிப்புறத்தில் விசிற வேண்டும். கரியைப் பரப்புவதும் தவறு. தனியாகக் கிடக்கும் கங்கு தன் சூட்டை எல்லாத் திசையிலும் இழந்து அணைந்துவிடும். நெருங்கிக் கிடந்தால் ஒன்று இழக்கும் சூட்டை மற்றொன்று வாங்கிக்கொள்ளும். பாட்டியார் கரியை நெருக்கி அடுக்கியதன் பொருள் இதுதான்.

புகைபோக்கி எத்தகைய வல்லமை உடையது என்பதை அறிய இரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். பிரிக்பீல்ட்ஸ் செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற இடம். 1881-இல் தீ கோலாலம்பூரின் அத்தாப்பு வீடுகளை அழித்த பின்னர், நகரைச் செங்கல்லால் கட்டத் தொடங்கியதால் அச்சூளைகள் பெருகின. பின்னர் அது நம்மவர் நிறைந்த இரயில்வே குடியிருப்பாயிற்று. அக்காலத்து நீராவி இரயிலின் 'குப், குப்' ஓசையை முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வேலை முடிந்த நீராவியைப் புகைபோக்கியின் வழியே மேலே பீய்ச்சும் ஓசை அது. அந்த வேகம் அடுப்பின் அடியிலிருந்து காற்றை இழுத்து நெருப்பைக் கனலச் செய்யும். வண்டி விரைய விரைய அடுப்பும் தானே கொழுந்துவிடும்! அந்த அடுப்புக்கு நிலக்கரி அளித்தது நம் சிலாங்கூரிலுள்ள பத்து ஆராங் சுரங்கம். அது 1960-இல் மூடப்பட்டது. மலாய் மொழியில் ஆராங் என்றால் கரி. பத்து என்றால் கல்.

அந்தப் புகைபோக்கியை நாமும் ஒரு பழைய பிஸ்கட் டின்னால் செய்துகொள்ளலாம். பால் மாவு டின்னும் ஆகும். துத்தநாகம் பூசிய வாளி மட்டும் கூடாது. சூட்டில் அதன் பூச்சு நச்சுப் புகை தரும். டின்னின் மேல் மூடியை நீக்கிவிட்டு, அடிப்பலகையிலும் அடியை ஒட்டிய பக்கங்களிலும் பெரிய ஆணியால் நிறையத் துளையிட வேண்டும். இதனைப் பெரியவர்கள்தாம் செய்ய வேண்டும். டின்னை மூன்று கற்களின் மேல் நிறுத்தி, உள்ளே கைப்பிடியளவு கரியைப் போட்டு, அடியில் கசக்கிய செய்தித்தாளையும் காய்ந்த பன்னாடையையும் வைத்துக் கொளுத்த வேண்டும். முதற்கரி சிவந்ததும் மேலே மேலே நிரப்பலாம். முதலில் வெண்புகை வரும். அது ஈரம் போவதற்கு அடையாளம், கலங்க வேண்டியதில்லை. பதினைந்து இருபது நிமிடத்தில் மேல்கரியின் ஓரங்களில் சாம்பல் நிறம் படரும். தடித்த கையுறை அணிந்து, இடுக்கியால் பிடித்து அடுப்பில் கவிழ்த்துவிடலாம். விசிறி வேண்டாம், ஊத வேண்டாம். தோட்டத்தில் விறகடுப்பு மூட்ட ஒரு துண்டு ஒட்டுப்பால் போடும் வழக்கம் உண்டு. அது அருமையாகப் பற்றும். ஆயினும் இறைச்சி வாட்டும் கரிக்கு அது ஆகாது. கரும்புகையும் நாற்றமும் உணவில் ஏறிவிடும்.

அந்தப் பதினைந்து நிமிடப் பொறுமை இல்லாமையால்தான் மண்ணெண்ணெய் வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்ப தினத்தில் நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். கரி அணைந்துவிட்டது என்று எண்ணிய ஒரு தந்தை, குடிநீர்ப் போத்தலில் கொண்டுவந்த மண்ணெண்ணெயை அதன்மேல் ஊற்றினார். ஒரு கணம் ஒன்றுமில்லை. வெள்ளை ஆவி மட்டும் எழுந்தது. மறுகணம் 'பக்' என்ற ஓசையுடன் தீ அவர் முகத்துக்கு எழுந்தது. சுவாலை போத்தலின் வாய் வரை ஓடியது. அவர் அதனை உதறி எறிந்தார். அது விழுந்த இடத்திலிருந்து இரண்டடி தள்ளி, தட்டைப் பிடித்தபடி முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அன்று புருவமும் முன்மயிரும் கருகியதோடு போயிற்று. அந்த இரண்டடியை நான் இன்றும் நினைத்து நடுங்குகிறேன்.

நடந்தது என்ன? கறுப்பாகத் தெரிந்த கரியின் அடியில் கங்கு இருந்தது. அதன் சூட்டில் மண்ணெண்ணெய் ஆவியாகிப் பரவி, பின்னர் ஒரே வேளையில் பற்றிக்கொண்டது. பெட்ரோல் இதனினும் கொடியது. அருகில் கொண்டுவரவே கூடாது. ஒரு முறை நெருப்புக் காட்டிய கரிமேல், அது அணைந்ததாகத் தோன்றினாலும், எந்த எண்ணெயையும் ஊற்றலாகாது. குடிநீர்ப் போத்தலில் மண்ணெண்ணெய் வைப்பதும் பெருந்தீங்கு. தாகத்தில் பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தீச்சுட்ட இடத்தில் பற்பசையோ எண்ணெயோ தடவ வேண்டாம். குழாயைத் திறந்து, ஓடும் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும்.

மழை வந்தால் செய்வதென்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் ஒன்றுகூடல் வைத்தால் மழையும் அழையா விருந்தாளியாய் வந்துவிடும் அன்றோ! அப்போது, "அடுப்பை அப்படியே உள்ளே தூக்கி வாருங்கள், புகைதான் இல்லையே" என்று யாரேனும் கூறுவர். அடுப்பு வகுப்பறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ வீட்டுக்குள்ளோ வரவே கூடாது. கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தின் செந்நிறப் பொருள் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் அதனைப் பற்றிக்கொள்ளும். பிராணவாயுவுக்கு இடமில்லாமல் போகும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கும். களைப்பு என்று எண்ணிப் படுத்தவர் எழாமலே போவதுண்டு. ஒரு சன்னலைத் திறந்து வைத்தால் போதாது. சாரணர் முகாமில் குளிருக்காகக் கூடாரத்தினுள் தணல் வைப்பவர்கள் இதனை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். இவ்வறிகுறிகள் தோன்றினால் எல்லாரையும் உடனே வெட்டவெளிக்குக் கொண்டுவந்து 999-ஐ அழைக்க வேண்டும். மழைக்குக் கோழியை உள்ளே கொண்டு செல்லுங்கள். நெருப்பை வெளியே நனைய விடுங்கள். சமையலறை அடுப்பிலும் கோழி வேகும்.

வாட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதில் நம் தாய்மார்கள் எனக்குப் பாடம் சொல்லக் கூடியவர்கள். ஒன்று மட்டும்: சுவாலை இருக்கும்போது இறைச்சியை வைத்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். கரியின்மேல் மெல்லிய வெண்சாம்பல் போர்த்திய பிறகே வைக்க வேண்டும். காஜாங்கில் சத்தே வாட்டுபவரைப் பாருங்கள். அவர் அவசரப்படுவதே இல்லை. கொழுப்புச் சொட்டிச் சுவாலை எழுந்தால் குச்சிகளைப் புரட்டி நகர்த்துவார். தணல் மங்கினால் விசிறியை எடுப்பார்.

எல்லாம் உண்டு முடித்த பின் அடுப்பை மறந்துவிடுவது மற்றோர் ஆபத்து. நீறு பூத்த நெருப்பு என்று நம் மொழியில் வழங்குவது வெறும் உவமையன்று. மோரிப் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் செல்வோர் சிலர், மிஞ்சிய தணலை மணலில் கொட்டி மணலாலேயே மூடிவிட்டுக் கிளம்பிவிடுகின்றனர். மேலே மணல் குளிர்ந்திருக்கும். உள்ளே சூடு பல மணி நேரம் தங்கியிருக்கும். வேறொரு குடும்பத்தின் குழந்தை அதன்மேல் வெறுங்காலோடு ஓடும். ஆகவே தணலை நீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மீண்டும் நீர் ஊற்றி அணைக்க வேண்டும். நீரைச் சிறிது சிறிதாகவும், எட்ட நின்றும் ஊற்ற வேண்டும். எழும் ஆவியே கையைச் சுட்டுவிடும். புறங்கையை அருகில் பிடித்துப் பார்த்துச் சூடில்லை என்று தெரிந்த பிறகே புறப்படலாம்.

அணைத்த கரியை எறிந்துவிட வேண்டாம். சாம்பலை உதறி, பாதி எரிந்த துண்டுகளைப் பொறுக்கி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து, டின்னில் போட்டு மூடி வையுங்கள். ஒரு முறை எரிந்த கரி, நன்கு காய்ந்திருந்தால், புதுக்கரியைவிட விரைவில் பற்றும். அடுத்த ஒன்றுகூடலுக்குத் துளையிட்ட டின்னின் அடியில் போட வேண்டிய முதற்கரி அதுதான்.